போடியில் ஓங்கிய கை

பவுன்தாய் அக்கா அறைந்த அறை போடிநாயக்கனூரில் கிளம்பி, மலையேறி, மாநில எல்லையைத் தாண்டி, கேரளத்து ஏலத்தோட்டம் ஒன்றில் சூப்பர்வைசர் தங்கப்பாண்டியின் இடது கன்னத்தில் போய் விழுந்தது. இரண்டு பற்கள் காலி. அதன் பிறகு மாதக்கணக்கில் நாட்டின் பெரிய சட்ட மூளைகள் எல்லாம் உட்கார்ந்து யோசித்த கேள்வி ஒன்றுதான். அறைந்தபோது பவுன்தாய் எங்கே இருந்தாள்?

அவளுடைய வக்கீல் நான். பெயர் அங்கயற்கண்ணி. போடி கோர்ட்டில் இருபத்திரண்டு வருஷமாக வரப்புத் தகராறும் ஜீவனாம்சமும் பார்த்துக்கொண்டிருந்தவள். அரசியலமைப்புச் சட்டத்தைப் பரீட்சைக்கு முந்தின நாள் படித்தேன், பரீட்சைக்கு மறுநாள் மறந்தேன். என்னைப் போய் உச்ச நீதிமன்றத்தில் நிறுத்தியது அந்த ஒரு அறை.

முதலில் பொம்மையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் விடிவதற்குள் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு வழியாக மலைக்குப் போய் ஏலக்காய் எடுத்துவிட்டு இருட்டோடு திரும்புவார்கள். இப்போது ஜீப் இல்லை. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியை மாட்டிக்கொண்டால் போதும். மலைமேல் நிற்கும் பொம்மை, இவர்கள் கையை நீட்டினால் நீட்டும், காலை மிதித்தால் நடக்கும். பொம்மையின் விரலில் காய் பட்டால் இங்கே இவர்கள் விரலுக்குத் தெரியும். அங்கே மழை பெய்தால் இங்கே முதுகு சில்லிடும். சர்க்கார் காகிதத்தில் அதற்குத் 'தொலையுடல்' என்று பெயர். அப்படிக் கேட்டால் போடியில் யாருக்கும் தெரியாது.

தங்கப்பாண்டிக்கு ஒரு கெட்ட பழக்கம். யாராவது வேலையில் கொஞ்சம் சுணங்கினால், சொல்லாமல் கொள்ளாமல் இணைப்பைப் பிடுங்கிவிடுவான். தொப்பிக்குள் இருக்கிறவர்களுக்கு அது, இல்லாத படியில் கால் வைத்தது மாதிரி இருக்கும். அன்று அவன் பிடுங்கியது பவுன்தாய் அக்காவின் மகள் ஆதிரையின் இணைப்பை. அவள் அப்போது இரண்டு மாதம் முழுகாமல் இருந்தாள். நாற்காலியிலிருந்து தரையில் விழுந்தாள்.

பக்கத்து நாற்காலியில் இருந்த அக்கா தொப்பியைக் கழற்றினாள். மகளைத் தூக்கி உட்காரவைத்தாள், தண்ணீர் கொடுத்தாள், "வலிக்குதா?" என்று நாலு தடவை கேட்டாள். ஒன்றுமில்லை என்று நிச்சயமானதும் மறுபடி தொப்பியை மாட்டினாள். நாலு வரிசை ஏலச்செடியைக் கடந்து போய் விட்டாள் ஒன்று.

"ஆத்திரத்தில் நடந்தது" என்று நான் வாதாட முடியாமல் போனதற்கு அந்தத் தண்ணீர்தான் காரணம்.

கேரளத்து மாஜிஸ்திரேட், பொம்மையை நிறுத்திவைத்து அக்காவிடம் கேட்டார். அக்கா மறைக்கவில்லை.

"அடிச்சேன் சாமி. பொம்மைக் கைங்கிறத மறந்துட்டேன். என் சொந்தக் கையா இருந்தா ஒரு பல்லுதான் போயிருக்கும்."

ஆறு மாதம் சிறை. கேரளம், "ஆளை அனுப்புங்கள்" என்றது. தமிழ்நாடு, "அனுப்ப முடியாது" என்றது. அடித்தவளுக்கு ஊர் போடி, அடி வாங்கினவனுக்கு ஊர் அதே மாவட்டத்தில் இருக்கும் தேவாரம். சண்டை மட்டும் இரண்டு மாநிலத்துக்கு. மாநிலங்களுக்குள் தகராறு வந்தால் நேராக உச்ச நீதிமன்றத்துக்கே போகலாம் என்று அரசியலமைப்பின் நூற்று முப்பத்தொன்றாவது பிரிவு சொல்கிறது. போனார்கள்.

விஷயத்தை விளக்க அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க வக்கீலம்மா. நம்ம கவர்மெண்டு நம்ம பக்கந்தான?"

"அப்படித்தான் சொல்லுது. பவுன்தாய் போடிய விட்டு ஒரு அடி நகரல, நம்ம மண்ணுல உக்காந்திருந்தவளத் தண்டிக்க அடுத்த மாநிலத்துக்கு என்ன அதிகாரம்னு கேக்குது."

"நல்லதுதான?"

"அதுல ஜெயிச்சுட்டா கேரளாவோட தண்டனை செல்லாது. குற்றம் இங்க நடந்ததா ஆயிரும். அப்ப இங்க புதுசா கேஸ் போட்டு முதல்ல இருந்து ஆரம்பிப்பாங்க."

"கேரளா ஜெயிச்சா?"

"நீங்க அங்கதான் இருந்தீங்க, அதனால உடம்போட வந்து ஆறு மாசம் இருங்கன்னு கூப்பிடும்."

அக்கா கீரைக் கட்டைக் கீழே வைத்தாள். "ஆகமொத்தம் எவுக ஜெயிச்சாலும் உள்ள போறது நானு."

"இந்த வழக்க இம்புட்டுச் சுருக்கமா நான் கூடச் சொல்ல முடியாதுக்கா."

"உள்ள போறதுக்குப் பயமில்ல வக்கீலம்மா. அடிச்சிருக்கேன், இருந்துட்டு வாரேன். ஆனா பிள்ளைக்கு நாள் நெருங்குறப்ப நான் பக்கத்துல இருக்கணும். மாப்பிள்ளை கப்பல்ல சமையல் வேலைக்குப் போயி எந்தக் கடல்ல இருக்காகளோ. என்னைய விட்டா அவளுக்கு ஆளு கெடையாது." குரல் உடைந்தது. அக்கா அழுது அன்றுதான் பார்த்தேன்.

உச்ச நீதிமன்றம் ஒரு தற்காலிக வழி சொன்னது. வழக்கு முடியும் வரை பொம்மை கேரளத்துச் சிறையில் இருக்கட்டும். காலையில் கைதிகளை எண்ணுவதிலிருந்து மாலை எண்ணிக்கை வரை பவுன்தாய் வீட்டில் தொப்பியோடு இருக்கட்டும், சாப்பாட்டுக்கு மட்டும் அரைமணி நேரம் கழற்றலாம். இந்த நாட்கள் தண்டனையில் சேருமா சேராதா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த 'பிறகு' என்ற வார்த்தையில்தான் சிக்கல். சேராது என்று சொல்லிவிட்டால் ஆறு மாதம் இருந்தது வீண். ஆதிரை பிரசவிக்கிற நேரத்தில் அக்கா உடம்போடு போய் மறுபடி ஆறு மாதம் இருக்க வேண்டும்.

சிறை மலைமேல் ஒரு சின்னக் கட்டடம். பெண்கள் பக்கத்தில் பதினாலு பேர். வார்டர் சோசம்மா முதல் வாரத்தில் காலை எண்ணிக்கை எடுக்கும்போது, "பதினாலும் ஒரு பொம்மையும்" என்றுதான் சொல்வாளாம். மூன்றாவது வாரத்தில், யாரும் சொல்லாமலே, "பதினைந்து" என்று மாறிவிட்டது. அக்கா அங்கே போய்ச் சும்மா இருக்கவில்லை. சிறைச் சமையலறையில் புளியே போடாத ஒரு குழம்பைப் பார்த்துப் பொறுக்காமல், பொம்மைக் கையால் புளிக்குழம்பு வைத்தாள். ருசி பார்க்க அவளுக்கு வழியில்லை. பதினாலு பேரும் மாற்றி மாற்றி ருசி பார்த்து, உப்பு, காரம் என்று கத்துவார்களாம்.

ஐந்தாவது மாதக் கடைசியில் விசாரணை. டெல்லிக்கு ரயிலில் போனேன். பொம்மையில் போயிருக்கலாம், டெல்லியில் வாடகைக்கு நிறைய உண்டு. தொப்பியை மாட்டினால் எனக்கு வாந்தி வரும். ஐந்து நீதிபதிகள். நடுவில் இருந்த அம்மையார் வெள்ளைத் தலையும் கூர்மையான பார்வையுமாக என் கணக்கு டீச்சரை ஞாபகப்படுத்தினார். தமிழ்நாட்டுக்கு மூத்த வக்கீல் திருவேங்கடம், சென்னையிலிருந்து. கேரளத்துக்கு மூத்த வக்கீல் வர்கீஸ், கொச்சியிலிருந்து. இருவரும் பெரிய வக்கீல்கள் வழக்கமாக வருவது போலக் கறுப்பு அங்கி போட்ட பொம்மைகளில் வந்திருந்தார்கள். நடந்ததெல்லாம் இங்கிலீஷில். நான் தமிழில் சொல்கிறேன், என் இங்கிலீஷைவிடக் கேட்க நன்றாக இருக்கும்.

திருவேங்கடம் ஆரம்பித்தார். "ஒருவருடைய உடம்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் அவர் இருக்கிறார். பொம்மை என்பது கொஞ்சம் நீளமான கைத்தடி. எங்கள் மண்ணில் இருக்கும் எங்கள் குடிமகளைத் தண்டிக்கும் உரிமை எங்களுடையது. இது தமிழ்நாட்டின் இறையாண்மை பற்றிய கேள்வி."

நீதிபதி அம்மையார் வர்கீஸைப் பார்த்தார்.

"அடி எங்கே விழுந்ததோ அங்கேதான் குற்றம்" என்றார் வர்கீஸ். "அடித்தபோது அந்தப் பெண் கேரளத்தில் இருந்தார்."

"அப்படியானால் சிறையில் இருந்த ஐந்து மாதமும் கேரளத்தில் இருந்தாரா?"

"இல்லை. சிறையில் இருந்தது இயந்திரம். அவர் தன் வீட்டில், தன் நாற்காலியில், தன் அடுக்களை வாசனையோடு இருந்தார். இயந்திரத்தைப் பூட்டிவைப்பது மனிதருக்குத் தண்டனை ஆகாது."

"அடிக்கும்போது இருக்கிறார், அடைக்கும்போது இல்லை. மாநிலத்துக்கு ரொம்ப வசதியான பெண்" என்றார் அம்மையார். சிரிப்பு எழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எண்பத்தாறு பக்கம் எழுதி வைத்திருந்தேன், அதில் ஒரு பக்கம்கூட இந்த முடிச்சை அவிழ்க்கவில்லை.

மதியம் ஒரு மணிக்கு இடைவேளை. அக்காவுக்கும் அது சாப்பாட்டு நேரம். போன் போட்டேன்.

"என்ன வக்கீலம்மா, சொரத்தே இல்லாமப் பேசுறீக?"

"ரெண்டு பேரும் பெரிய ஆளுகக்கா. மலை மாதிரி பேசுறாங்க. பொம்மைக்குள்ள இருந்தா ஆளு அங்க இருக்கிறதா அர்த்தமில்லன்னு ஆளுக்கொரு பக்கம் அடிச்சுப் பேசுறாங்க."

"எம்புட்டுத் தூரத்துல இருந்து வந்திருக்காக?"

"எங்க வந்தாங்க? ஒருத்தர் சென்னையில, ஒருத்தர் கொச்சியில. பொம்மையிலதான்."

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். சோறு தொண்டையில் சிக்கும்படி சிரித்தாள். "ஆத்தி! பொம்மைக்குள்ள இருக்கிறவ ஆளே இல்லன்னு சொல்றதுக்கு, பொம்மைக்குள்ள உக்காந்தா வந்திருக்காக?"

கையில் இருந்த சப்பாத்தியை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன்.

டெல்லியில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் ஒவ்வொரு வக்கீலும் ஆஜர் சீட்டு எழுதித் தர வேண்டும். யாருக்காக வந்திருக்கிறோம், நேரில் ஆஜரா, திரையில் ஆஜரா என்று அதில் குறிப்பிட வேண்டும். மூத்த வக்கீல்கள் திரையில் என்று எழுதினால் கௌரவக் குறைச்சல். கோர்ட்டு அலுவலரைக் கெஞ்சி இரண்டு சீட்டுகளுக்கும் நகல் வாங்கினேன்.

இடைவேளை முடிந்து என் முறை வந்தது. எண்பத்தாறு பக்கத்தையும் மூடி வைத்தேன்.

"கனம் நீதிபதி அவர்களே, இரண்டு மாநிலங்களின் சார்பிலும் இன்று யாரும் ஆஜராகவில்லை என்று பதிவு செய்யும்படி வேண்டுகிறேன்."

வர்கீஸின் பொம்மை துள்ளி எழுந்தது. "என்ன இது? காலையிலிருந்து இங்கேதான் நின்றுகொண்டிருக்கிறேன்!"

"இங்கேயா நிற்கிறீர்கள்?"

"பின்னே?"

"கொச்சியில், உங்கள் வீட்டில், உங்கள் அடுக்களை வாசனையோடு இல்லையா?"

ஐந்து நீதிபதிகளில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நான் சீட்டுகளை நீட்டினேன். "இரண்டு பெரியவர்களும் 'நேரில் ஆஜர்' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பொம்மையில் இருப்பவர் இங்கே இல்லை என்றால் இந்தக் கையெழுத்துகள் பொய். இங்கே இருக்கிறார் என்றால் என் கட்சிக்காரர் ஐந்து மாதம் சிறையில் இருந்தார்."

அம்மையார் திருவேங்கடத்திடம் திரும்பினார். "நீங்கள் சொல்லுங்கள். இப்போது எங்கே இருக்கிறீர்கள்?"

திருவேங்கடம் கெட்டிக்காரர். "உண்மையைச் சொன்னால், இரண்டு இடத்திலும்" என்றார்.

கோர்ட்டே கலகலத்தது. அப்போதே ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். ஆனால் அம்மையார் சிரிப்பை முடித்துக்கொண்டு பேனாவைக் கீழே வைத்தார்.

"நல்ல வாதம். ஆனால் வக்கீல்கள் விரும்பி வந்திருக்கிறார்கள். சிறை என்பது விரும்பாவிட்டாலும் இருந்தே ஆக வேண்டிய இடம். உங்கள் கட்சிக்காரர் நினைத்தால் தொப்பியைக் கழற்றியிருக்கலாமே? கழற்றக்கூடிய சிறை, சிறையா?"

அதற்கும் நான் பக்கங்களைத் திறக்கவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

"போன மாதம் அவருடைய மகளுக்கு வளைகாப்பு. ஒன்பதிலிருந்து பத்தரை நல்ல நேரம். அது சிறை நேரம். மகளை உட்காரவைத்த பலகைக்கும் அம்மாவின் நாற்காலிக்கும் நடுவில் ஒன்பது அடி. நான் அங்கே இருந்தேன். பெண்கள் வரிசையாக வந்து வளையல் போட்டார்கள், சந்தனம் பூசினார்கள். முதல் வளையல் போட வேண்டிய அம்மா தொப்பிக்குள் இருந்தார். தொப்பி எப்போது தலையில் இருந்தது என்று தொப்பியே குறித்து வைக்கும். அந்தக் குறிப்பு உங்கள் முன்னால் இருக்கிறது. ஒரு விநாடிகூடக் கழற்றவில்லை. எல்லாம் முடிந்த பிறகு மகள் வந்து, தொப்பி போட்ட அம்மாவின் அசையும் கையோடு தன் வயிற்றைச் சேர்த்துக்கொண்டாள். அம்மாவின் கைக்கு அது தெரியவில்லை. அந்தக் கை அப்போது சிறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தது."

நான் தொடர்ந்தேன். "மலைமேல் விஷயம் தெரிந்ததும் பதினாலு கைதிகளும் வார்டரும் சேர்ந்து, சிவப்பு நூலைத் திரித்து வளையல் செய்து பொம்மையின் கையில் போட்டார்களாம். அவர்களுக்கு அது எப்படிச் செய்வது என்று தெரியாது. பிள்ளைத்தாய்ச்சிக்குப் போட வேண்டியதை அவள் அம்மாவுக்குப் போட்டிருக்கிறார்கள். பூட்டும் கதவும் இல்லாமல் ஒன்பது அடியைத் தாண்டாமல் ஒருவர் இருந்திருக்கிறார் என்றால், அதைவிடப் பெரிய சிறை எனக்குத் தெரியாது."

வர்கீஸ் எழுந்தார். எதிர்க்கப் போகிறார் என்று நினைத்தேன். "கேரளத்துக்கு இதில் மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அந்த மனிதரை அன்று ரொம்பப் பிடித்துப்போனது.

மூன்று வாரத்தில் தீர்ப்பு. ஐந்து பேரும் ஒரே குரல். ஒரு மனுஷி உட்கார்ந்திருக்கும் இடத்திலும் இருக்கிறாள், அவள் கை வேலை செய்யும் இடத்திலும் இருக்கிறாள். தண்டிப்பதற்காக அவள் கையைத் தேடிக் கண்டுபிடித்த சட்டம், அவள் இருந்த நாட்களையும் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரே குற்றத்துக்கு யாரையும் இரண்டு முறை தண்டிக்கக் கூடாது என்று இருபதாவது பிரிவு சொல்வதால், இனி எந்த மாநிலமும் பவுன்தாயைத் தொடக் கூடாது. மீதி ஒன்பது நாளை இருந்துவிட்டு அவர் போகலாம். கடைசியில் ஒரு வரி: தொப்பிக்குள் ஆள் இருக்கும்போது இணைப்பைப் பிடுங்குவதும் அடிதான்.

ஜெயித்தது நாங்கள்தான் என்று சென்னையிலும் லட்டு கொடுத்தார்கள், திருவனந்தபுரத்திலும் லட்டு கொடுத்தார்கள். தங்கப்பாண்டி மேல் வழக்குப் போடலாமா என்று ஆதிரையைக் கேட்டேன். "வேணாம் மேடம், அவன்தான் முன்கூட்டியே வாங்கிட்டானே" என்றாள்.

விடுதலை நாளன்று காலை ஏழு மணிக்கு ஆதிரைக்கு வலி கண்டது. நான் அங்கேதான் இருந்தேன். அக்கா நாற்காலியில் தொப்பியோடு இருந்தாள். சிறையில் பத்து மணிக்கு, காலைச் சாப்பாடு முடிந்துதான் ஆளை விடுவது வழக்கம். "கழட்டுங்கக்கா, நான் பாத்துக்கிறேன்" என்று கத்தினேன். அக்கா கழற்றவில்லை. அவள் வாய் மட்டும் சிறையில் பேசிக்கொண்டிருந்தது. "சேச்சி, பிள்ளைக்கு வலி வந்துருச்சு. மூணு மணி நேரம் இருக்கு. இருந்துட்டே போறேன். இல்லன்னா எங்க வக்கீலம்மா பேசுனதெல்லாம் பொய்யாப் போகும்."

அங்கே சோசம்மா என்ன செய்தாள் என்பதை அக்கா பிற்பாடு சொன்னாள். பத்து மணி என்பது பழக்கம், சட்டத்தில் விடுதலை நாள் என்றுதான் இருக்கிறது, நேரம் இல்லை. விடுதலைப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு கண்காணிப்பாளர் வீட்டுக்கே ஓடி, பல் தேய்த்துக்கொண்டிருந்தவரிடம் கையெழுத்து வாங்கி வந்திருக்கிறாள். ஏழு இருபதுக்குக் கதவு திறந்தது. பதினாலு பேரும் கம்பிக்குப் பின்னால் குலவை போட முயன்றார்கள், வரவில்லை, கூச்சல்தான் வந்தது. பொம்மை வெளியே ஒரு அடி வைத்தது. இங்கே அக்கா தொப்பியைக் கழற்றி வீசிவிட்டு ஒன்பது அடியையும் ஒரே எட்டில் கடந்தாள்.

பெண் குழந்தை. மூன்றரைக் கிலோ. ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்காவும் நானும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுததைப் பார்த்து, ஒரு நர்ஸ் என்னவோ ஏதோ என்று பதறி ஓடி வந்தார்.

பத்து நாள் கழித்துத்தான் விஷயம் வந்தது. அதுவரை பிரசவ லீவு கேட்கும் பெண்களிடம் எஸ்டேட், "தோட்டத்தில் வேலை செய்வது பொம்மை, பொம்மைக்கு ஏது பிரசவம்?" என்று சொல்லிக்கொண்டிருந்தது. சட்டத்திலும் அவர்கள் எந்த ஊர்த் தொழிலாளி என்பதற்கு இடமில்லை. இப்போது உச்ச நீதிமன்றம் இடம் சொல்லிவிட்டது. ஒரே தபாலில் இரண்டு கடிதங்கள். கை வேலை செய்தது எங்கள் மண்ணில், ஆகவே ஆதிரை எங்கள் தொழிலாளி, சம்பளத்தோடு ஆறு மாதம் லீவு என்று கேரளம். உட்கார்ந்திருந்தது எங்கள் மண்ணில், ஆகவே எங்கள் தொழிலாளி, சம்பளத்தோடு ஆறு மாதம் லீவு என்று தமிழ்நாடு. யாரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. போடியில் மட்டும் அன்று நாற்பது வீட்டுக்கு இப்படி வந்திருந்தது.

ஆதிரை இரண்டு காகிதத்தையும் மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "எதுல மேடம் கையெழுத்துப் போடணும்?"

நான் வாயைத் திறப்பதற்குள், குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த அக்கா கேட்டாள்.

"ஒரு குத்தத்துக்கு ரெண்டு தண்டனை கூடாதுன்னு சட்டத்துல இருக்குன்னீக. ஒரு பிள்ளைக்கு ரெண்டு லீவு கூடாதுன்னு எங்கிட்டாவது இருக்கா?"

வீட்டுக்குப் போய், அரசியலமைப்புச் சட்டத்தை இந்த முறை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். இல்லை.